வன்னியில் கடைச் சாப்பாடு: பில் துண்டில் விழும் தொகையைக் குறைப்பது எப்படி?

மதிய வேளையில் கடைச் சாப்பாட்டையே நம்பி ஏ9 வீதியில் அலைபவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வவுனியாவிலோ மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ, ஒரே தரத்துக் கடைகளில் சோற்றின் விலை பெரிதாக வேறுபடுவதில்லை. ஆனால் ஒரே மேசையில் அதே சோற்றைச் சாப்பிட்டு எழும்பும் இருவரில் ஒருவருக்கு வரும் துண்டு மற்றவருடையதை விட இரு மடங்காகவும் இருப்பதுண்டு. கேளாமலே மேசைக்கு வருபவையும், விலை விசாரிக்காமல் கை வைப்பவையுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே சாப்பாட்டைக் குறைக்காமலே செலவைக் குறைக்கலாம்.

படி 1: கடையைத் தெரிவுசெய்தல்

தங்குமிட வசதியுள்ள பெரிய உணவகமாயின், விலைப்பட்டியலின் அடியில் உள்ள சிறிய எழுத்தை முதலில் வாசியுங்கள். அங்கே 10 வீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதிசேர் வரியும் தனியாகச் சேரும் என்று குறிப்பிட்டிருந்தால், 2,000 ரூபா என்று போட்டிருக்கும் சாப்பாடு சேவைக் கட்டணத்துடன் 2,200 ரூபாவாகி, அதன்மேல் வரியும் ஏறி 2,596 ரூபாவில் வந்து நிற்கும். இந்த வரியை அறவிடும் கடை அதற்குப் பதிவுசெய்திருக்க வேண்டும். துண்டில் பதிவிலக்கம் இல்லாவிட்டால் காசாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எனது தெரிவு, காலையிலும் மாலையிலும், வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகமே. குரக்கன், ஒடியல், கீரை என்று நம் ஊர்ப் பொருட்களில் செய்தவை கண்முன்னே சூடாகக் கிடைக்கும். விலையும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். பிந்திப் போனால் நல்லவை முடிந்துவிடும் என்பதே அங்குள்ள ஒரே குறை.

படி 2: இருந்து சாப்பிடுவதா, பார்சலா?

நல்ல பசியுள்ள ஒருவர் தனியாகப் போனால் இருந்து சாப்பிடுவதே இலாபம், ஏனெனில் பெரும்பாலான கடைகளில் சோறும் மரக்கறியும் மறுபடி கேட்டால் மேலதிகக் காசின்றி வரும். அளவாகச் சாப்பிடும் இருவராயின், அல்லது சிறு பிள்ளையும் கூட வந்தால், ஒரு பார்சலே போதும். பார்சலில் கட்டும் சோறு ஒருவர் சாப்பிடக்கூடியதை விட அதிகமாகவே இருக்கும்.

படி 3: மேசைக்கு வருபவை

காசு கரையும் இடம் இதுதான். நீங்கள் கை கழுவி வந்து அமர்வதற்குள், சோற்றுத் தட்டைச் சுற்றிச் சிறு கிண்ணங்கள் வந்து நிரம்பிவிடும்: பருப்பு, கத்தரிக்காய், கீரை, சொதி, பக்கத்திலேயே பொரித்த மீன் துண்டு, கணவாய்க் கறி, அவித்த முட்டை. முதல் நான்கும் சாப்பாட்டு விலைக்குள் அடங்கியவை. மற்றவை ஒவ்வொன்றும் தனி விலை. எல்லாக் கிண்ணமும் ஒரே மாதிரி இருப்பதால் புதியவருக்கு அது விளங்காது. கரண்டி பட்டதும் அது உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே பரிமாறுபவர் கிண்ணங்களுடன் வரும்போதே, “தம்பி, எனக்குச் சோறும் மரக்கறியும் காணும், மிச்சத்தை எடுங்கோ” என்று சொல்லிவிடுங்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. அவர்களுக்கு இது பழக்கப்பட்ட பேச்சு. மீன் வேண்டுமென்றால், “துண்டு எவ்வளவு அண்ணை?” என்று கேட்டபின் எடுங்கள். மாரியில் முல்லைத்தீவுக் கடல் குழம்பித் தொழில் குறையும் நாட்களில் கடல் மீனின் விலை ஏறும் என்பதால், அக்காலத்தில் குளத்து மீன் கறி உண்டா என்று விசாரிப்பது நல்லது. வெள்ளிக்கிழமைகளில் பலர் மச்சம் தவிர்ப்பதால் கடைகளில் மரக்கறி வகை கூடும். கொடுக்கும் காசுக்கு அன்றைய மரக்கறிச் சாப்பாடுதான் பெறுமதி.

தேநீருக்குப் போனாலும் இதே கதைதான். ரோல்ஸ், வடை, பற்றிஸ் எல்லாம் நிறைந்த தட்டொன்று மேசைக்கு வரும். எடுத்ததற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பிப் போகும். தட்டில் குறைந்ததை வைத்தே கணக்குப் பார்ப்பதால், பிள்ளைகள் பிய்த்துப் போட்ட பாதி ரோல்ஸும் முழு ரோல்ஸாகவே எண்ணப்படும். “இரண்டு வடை மட்டும் கொண்டு வாங்கோ” என்று சொல்வதே சிறந்தது. பல மேசை சுற்றிய தட்டைத் தவிர்ப்பது சுகாதாரத்துக்கும் நல்லது என்பேன்.

படி 4: தண்ணீர்

போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரலில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை உச்ச விலை விதித்தது: அரை லீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா. குளிரூட்டிச் செலவு என்று சொல்லி அதற்கு மேல் கேட்பது தவறு. முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. வீட்டிலிருந்து வடிகட்டிய தண்ணீரைக் கொண்டுபோனால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சோடாவுக்குப் பதில் பிளேன் ரீ குடித்தால் இன்னும் மிச்சம்.

பிற்சேர்க்கை

இதை வாசித்த சிலர் கொத்து ரொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நமது பக்கத்தில் ஒரு முழுக் கொத்து இருவருக்குத் தாராளமாகக் காணும். கோழிக் கொத்துக்கும் முட்டைக் கொத்துக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தைக் கேட்டபின் தீர்மானியுங்கள், ஏனெனில் குழம்பு இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே.

தூரப் பயணப் பேருந்தில் போகிறவர், வண்டி நிற்கும் கடையில்தானே சாப்பிட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்தக் கடையைத் தெரிவுசெய்வது பயணியல்ல. ஆகவே ஏறும் ஊரிலேயே பார்சல் கட்டிக்கொண்டு ஏறுங்கள். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குவதை மட்டும் நான் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பார்சலுக்கு எவர்சில்வர் கரியரையே பரிந்துரைப்பேன். பிளாஸ்டிக் பெட்டியில் மீன் குழம்பின் வாடை போகாது. 2025 நவம்பர் முதல் கைப்பிடியுள்ள பொலித்தீன் பைக்குக் கடைகள் காசு அறவிட்டு, அதைத் துண்டிலும் காட்ட வேண்டியிருப்பதால், கரியருடன் ஒரு துணிப்பையும் இருக்கட்டும்.