பழைய அரத்தில் அடித்த கத்தி விரிசல் விட்ட கதை

பழைய அரத்தைக் காய்ச்சி அடித்துச் செய்த முதல் மூன்று கத்திகளும், கடினமாக்கத் தண்ணீரில் முக்கியதுமே 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு போய்விட்டன. பழைய அரத்தில் ஏறத்தாழ 1 சதவீதமோ அதற்கு மேலோ கார்பன் இருக்கும், அதனால்தான் அது நல்ல கத்தியாகிறது, அவசரப்பட்டால் வெடிப்பதும் அதனால்தான்.

முதல் தப்பு, அரத்தின் பற்களைத் தேய்த்து எடுக்காமலே அடித்தது. அந்தப் பள்ளங்கள் மடிந்து உள்ளே போய், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது. இப்போது அடிப்பதற்கு முன்பே பற்களை முழுசாகத் தேய்த்துவிடுகிறேன். செம்மஞ்சள் நிறம் மங்கி அடர் சிவப்பானதும் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவேன், அதற்கு மேல் ஒரு அடி கூட கிடையாது.

அப்புறம் முக்கியமான மாற்றம்: வடிவம் வந்ததும் காந்தம் ஒட்டாத சூடு வரை (770 டிகிரி செல்சியஸ் பக்கம்) காய்ச்சி, காற்றிலேயே ஆறவிடுவது, இப்படி மூன்று முறை. அடித்ததில் பெருத்த மணிகள் (எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள்) இதில் சிறுக்கின்றன, உள் இறுக்கமும் தளர்கிறது. விளிம்பை ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டுவிட்டு, காந்தம் விட்டதற்குச் சற்று மேலே சூடாக்கி, 50 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் நுனி முதலில் போகும்படி நேராக இறக்கினேன். தீப்பிடிக்கும், இரும்பு டப்பாவும் மூடியும் கட்டாயம் வேண்டும்.

சத்தமே இல்லை! உடனே அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. வைக்கோல் நிறம் வந்தது. நான்காவது கத்தி இன்னும் உடையவில்லை.