முள்ளு ஆடலேன்னா உடனே கியர்ல கை வைக்காதீங்க

எங்க வீட்ல ஒரு பழைய மாருதி 800 நிக்குது. 2014 ஜனவரியோட அந்த வண்டி தயாரிக்கறதையே நிறுத்திட்டாங்க, ஆனா நாங்க விடல. ஒருநாள் ஸ்பீடோமீட்டர் முள்ளு அப்படியே படுத்துருச்சு, கியர்பாக்ஸ்ல இருக்கற அந்த குட்டி பிளாஸ்டிக் கியர்தான் போயிருக்கும்னு நானே முடிவு பண்ணி, ஒரு ஞாயித்துக்கிழமை பூரா வண்டிக்கு அடியில கெடந்து மாத்தினேன். ஓட்டிப் பாத்தா முள்ளு பூஜ்யத்த விட்டு நகரல. கழட்டின பழைய கியர்ல ஒரு பல்லு கூட தேயல. போயிருந்தது, அந்த கியர் சுத்தறத மீட்டருக்கு கொண்டு போற கேபிள்.

இதுதான் நெறைய பேர் பண்ற மொத தப்பு. முள்ளு ஆடல ஆனா கிலோமீட்டர் ஏறுதுன்னா கியரும் கேபிளும் நல்லாதான் இருக்கு, கோளாறு மீட்டருக்குள்ள. முள்ளு ஆடுது, கிலோமீட்டர் மட்டும் நின்னு போச்சுன்னாலும் அதேதான். ரெண்டும் சேந்து செத்தாதான் கேபிள், கியர் மேல சந்தேகப்படணும். அப்பவும் ஸ்பேனர எடுக்காதீங்க. மீட்டர் பின்னாடி கேபிள கழட்டி, அதோட நுனிய பாக்க யாரையாவது உக்கார வச்சுட்டு, சமதளத்துல வண்டிய நியூட்ரல்ல போட்டு மூணு மீட்டர் தள்ளுங்க. ஜப்பான் வழி வந்த மீட்டருங்கள்ல பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்கு 637 சுத்து கணக்கு, அப்போ மூணு மீட்டருக்கு கிட்டத்தட்ட ரெண்டு சுத்து சுத்தணும். சுத்தலேன்னா உள் கம்பிய மெதுவா உருவிப் பாருங்க, பாதி மட்டும் கையோட வந்தா விஷயம் முடிஞ்சுது. முழுசா வந்து, கீழ் நுனியோட சதுர முனையும் மழுங்காம இருந்தா மட்டும் கியர கழட்டுங்க.

சரி, கியர்தான் போயிருக்குன்னு தெரிஞ்சாச்சு. ஏன் போச்சு? அது தானா சாகறது கம்மிங்க. கேபிள் உள்ள காஞ்சு போயோ, எங்கயாவது மடங்கியோ இறுக ஆரம்பிக்கும், அந்த பாரம் பூரா பிளாஸ்டிக் பல்லு மேல விழும். முள்ளு மாசக்கணக்கா துடிச்சுட்டு, டிக் டிக்னு சத்தம் போட்டுட்டு அப்புறம் நின்னுச்சுன்னா அநேகமா இதான் கதை. அத சரி பண்ணாம புது கியர் போட்டா அதுவும் கொஞ்ச நாள்ல போய் சேரும். கேபிள் உள் கம்பிக்கு கிரீஸ் தடவுங்க, ஆனா மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவு விட்டுருங்க, இல்லேன்னா கிரீஸ் மேல ஏறி மீட்டர் முள்ள ஒட்ட வச்சிடும்.

கழட்டும்போது அவசரம் வேணாம். கியர் உக்காந்திருக்கற ஸ்லீவ சுத்தி வருஷக்கணக்கான சேறு அப்பிக் கெடக்கும், மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ஷால தேச்சு, பனியன் வேஸ்ட்ல தொடச்சிட்டு அப்புறம் போல்ட்ட எடுங்க, அப்படியே உருவினா அந்த மண்ணு நேரா கியர்பாக்ஸ்குள்ள போகும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். லேசா அப்படி இப்படி திருப்பிட்டே மேல இழுங்க. வெளிய வந்த கியர்ல பல்லு கொறைஞ்சிருந்தா அந்த துண்டு உள்ளதான் இருக்கு, கியர் ஆயில வடிச்சு புதுசு ஊத்திடறது நல்லது. அடியில போறதா இருந்தா ஜாக்கிய மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்ட் வைங்க, சைலன்சர் பைப் ஆறட்டும்.

கடையில வாங்கறப்ப பழச கையோட கொண்டு போங்க. பாக்க ஒரே மாதிரி இருக்கும், பல்ல எண்ணுங்க, பேனால ஒரு பல்லுல புள்ளி வச்சுட்டு எண்ணுனா தப்பாது. 20 பல்லு இருக்க வேண்டிய எடத்துல 21 போட்டா 60ல போகும்போது 57 தான் காட்டும், கிலோமீட்டரும் கம்மியாதான் ஏறும். நீங்க மைலேஜ் கொறைஞ்சிருச்சுன்னு கார்புரேட்டர நோண்டிட்டு இருப்பீங்க.

ரொம்ப பேர் விடறது சீலு, அதாவது ஆயில் கசியாம தடுக்கற ரப்பர் வளையங்க. ஸ்லீவுக்கு வெளிய ஒரு ஓ ரிங், உள்ள கியர் தண்டுக்கு ஒரு சின்ன ஆயில் சீல், ரெண்டையும் மாத்துங்க, காசு பெருசா ஆகாது. உள் சீல் தேஞ்சிருந்தா கேபிள் சுத்த சுத்த கியர் ஆயில் அது வழியாவே ஏறும், நம்ப மாட்டீங்க, டேஷ்போர்டுக்கு அடியில கால் மேல சொட்டும்.

மாட்டும்போது ஓ ரிங்குக்கு கொஞ்சம் ஆயில் தடவி கையால அமுக்குங்க. உக்காரலேன்னா பல்லு மேல பல்லு நிக்குதுன்னு அர்த்தம், வண்டிய ஒரு அடி தள்ளிட்டு திரும்ப அமுக்குங்க, போல்ட்ட முறுக்கி இழுத்து உக்கார வச்சா புது பல்லு அங்கயே நசுங்கிடும். போல்ட்டையும் வெறியோட முறுக்காதீங்க, அலுமினியத்துல மரை போச்சுன்னா அப்புறம் லேத்துக்குதான் அலையணும்.

முடிச்சதும் போன் ஜிபிஎஸ்ஸ வச்சு 40, 60ல ஒப்பிட்டுப் பாருங்க, மீட்டர் கொஞ்சம் அதிகமா காட்டுனா பரவால்ல, கம்மியா காட்டக் கூடாது. 15 வருஷம் தாண்டி எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போற வண்டின்னா இது இன்னும் முக்கியம். ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு பழைய பேப்பர விரிச்சு வைங்க, காலைல ஆயில் பொட்டு இருந்தா ஓ ரிங் சரியா உக்காரல.