புதுத் தெருவுக்குக் குடிவந்தால் யாரைக் கேட்பது?

சென்னையில் வீடு மாறிப் போனவர்கள் குழாய் ஒழுகினால் உடனே ஆப்பில்தான் ஆள் தேடுகிறார்கள். ஆள் வருவார், வேலையும் முடியும், ஆனால் அடுத்த வாரம் அதே குழாய் மறுபடி ஒழுகினால் வேறு யாரோ வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். தெருவோடு பழகிய ஆளுக்கு நாளைக்கும் இங்கேதான் பிழைப்பு, அதனால் வேலையைப் பார்த்துத்தான் செய்வார்.

முதலில் இஸ்திரி வண்டிக்காரரிடம் போங்கள். காலையிலிருந்து ஒரே மரத்தடியில் நிற்பவர் அவர், எந்த வீட்டுக்கு யார் வேலைக்கு வருகிறார்கள், யார் பாதியில் நின்றுவிட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நாலு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள், போதும். அடுத்து மளிகைக்கடை அண்ணாச்சி. மாதச் சாமானைப் பெரிய கடையில் வாங்கினாலும் தயிர், கொத்தமல்லி, தீப்பெட்டியையாவது அவரிடம் வாங்குங்கள். முகம் பழகாமல் திடீரென்று போய் வீட்டு வேலைக்கு ஆள் கேட்டால் அவர் தயங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது, அனுப்பிய ஆள் சரியில்லை என்றால் கெடுவது அவர் பெயர்தானே.

பிளம்பர், எலக்ட்ரீஷியன் வேண்டுமென்றால் ஹார்டுவேர் கடை. அங்கே "நல்ல பிளம்பர் இருக்காரா" என்று கேட்காதீர்கள், கைக்கு வந்த நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். "உங்க வீட்டுல வேலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள், யோசித்துப் பதில் வரும். அப்படி வந்தவரிடமும் எடுத்தவுடனே பாத்ரூமை இடித்துக் கட்டும் வேலையைக் கொடுக்க வேண்டாம், வாஷர் மாற்றுவது, ஃபேன் ரெகுலேட்டர் மாற்றுவது மாதிரி சின்ன வேலையாகக் கொடுத்துப் பாருங்கள். வர முடியாவிட்டால் போன் செய்து சொல்கிறாரா, கழற்றிய பழைய பாகத்தைக் காட்டுகிறாரா, மெயினை அணைத்துவிட்டுக் கை வைக்கிறாரா, இந்த மூன்றும் இருந்தால் அவரை விடாதீர்கள்.

காசு விஷயத்தில் நாமும் ஒழுங்காக இருக்க வேண்டும். கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று வேலைக்கு முன்னாலேயே தனித்தனியாகப் பேசிவிடுங்கள், சாமானுக்குப் பில் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு பேரம் பேசுவதும், "சாயங்காலம் ஜீபே பண்றேன்" என்று இழுப்பதும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அன்றைய கூலியை நம்பி வீட்டில் உலை வைப்பவர்கள் அவர்கள். வயதில் சின்னவராக இருந்தாலும் "வாங்க, போங்க" என்றே பேசுங்கள்.

அக்கம்பக்கத்து வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் கரண்டும் இல்லை, பல இடங்களில் போன் சிக்னலும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் மாடி வீட்டுக்காரரின் முகம் தெரிந்திருப்பதுதான் கைகொடுக்கும். எந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், யாரிடம் வண்டி இருக்கிறது என்று மழைக்காலத்துக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு, முக்கியமான நம்பர்களை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

தெரிந்த ஆளை நம்பி இறங்கக் கூடாத இடங்களும் உண்டு. மின்கம்பத்தில் பொறி பறந்தால் தெரு எலக்ட்ரீஷியனை ஏற்றிவிடாதீர்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987-இல் கூப்பிடுங்கள். சிலிண்டர் கசிந்தால் 1906. அப்புறம் சீட்டு. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்தப் பதிவு வேண்டும், தெருவில் பிடிக்கும் சீட்டுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. நடத்தும் அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எடுத்தவர்களில் ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் அவரும்தான் மாட்டிக்கொள்வார். சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், மொத்தமாகப் போனாலும் வீடு தாங்கும் அளவு மட்டும் போடுங்கள், கட்டிய ஒவ்வொரு மாதமும் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.