கோச்சை எடைபோடுவது எப்படி? வெற்றிக் கணக்கை விட்டுத் தள்ளுங்கள்

அமெரிக்க ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்த புதிதில் நானும் இப்படித்தான், கோச் பெயரைத் தேடி எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று பார்த்த கையோடு தீர்ப்பு எழுதிவிடுவேன். பில் பெலிச்சிக் விஷயத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். க்ளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியில் 1991 முதல் 1995 வரை 36 வெற்றி, 44 தோல்வி, அப்புறம் வேலை காலி. 2000-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்கு வந்த முதல் சீசனில் 5 வெற்றி, 11 தோல்வி. இதோடு அவரை மூட்டைகட்டியிருந்தால் ஆறு சூப்பர் பவுல் (சீசனின் இறுதிப்போட்டி) கோப்பைகள் கணக்கிலேயே வந்திருக்காது.

அதனால் அடியிலிருந்து தொடங்குங்கள். அவர் 1975-இல் பால்டிமோர் கோல்ட்ஸில் வாரம் 25 டாலருக்கு ஆட்டங்களின் ஃபிலிம் பார்த்துக் குறிப்பெடுத்தவர். கேட்க சுலபமாக இருக்கும். சில விநாடிகளில் முடிந்துபோகும் ஒரு ஆட்டத்துண்டை நிறுத்தி, பின்னால் ஓட்டி, எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), இன்னும் எத்தனை யார்டு, யார் எங்கே நின்றார், பந்து எந்தப் பக்கம் போனது என்று எழுதி, திரும்ப அடுத்ததற்குப் போக வேண்டும். எதிரணியின் பழக்கம் பிடிபடுவது அங்கேதான்.

அடுத்து, யாரிடம் உதவியாளராக இருந்தார் என்று பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ கோச் பில் வால்ஷிடம் உதவியாளராக இருந்தவர் மைக் ஹோம்க்ரன், ஹோம்க்ரன் கோச் ஆனபோது அவரிடம் இருந்தவர் ஆண்டி ரீட். குறுகிய பாஸ்களை வைத்தே ஆட்டத்தை நகர்த்தும் பாணி இந்த வழியாகத்தான் கைமாறி வந்தது.

குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், யார் என்பதையும் விடாதீர்கள். வெற்றிக்குக் காரணம் கோச்சா அவரா என்ற சண்டையே இதில்தான். 2001-இல் பேட்ரியாட்ஸ் குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ அடிபட்டதால் உள்ளே வந்தவர் டாம் பிரேடி. பிரேடி போன பிறகு பெலிச்சிக்கின் பேட்ரியாட்ஸ் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதற்காக எல்லாம் பிரேடிதான் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் கேள்வி நியாயமானது.

கடைசியாக, வேலை போன மறுவருஷம். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2012 சீசன் முடிந்ததும் ரீடை அனுப்பிவிட்டது. சில நாட்களிலேயே கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. 2 வெற்றி, 14 தோல்வி என்று கிடந்த அணி 2013-இல் 11 வெற்றி, 5 தோல்வி. இத்தனைக்கும் அவர்களுடைய நட்சத்திரக் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் அணிக்கு வந்ததே 2017-இல்தான். 2013-இல் பந்தை வீசியவர், சான் பிரான்சிஸ்கோ அணி பெஞ்சில் உட்கார வைத்திருந்த அலெக்ஸ் ஸ்மித்.