நன்றி நோட்டில் நாம் செய்யும் பிழைகள்

"குடும்பம், உடல்நலம், வேலை." அன்றாட நன்மைகளை எண்ணிப் பார்க்கலாம் என்று வாங்கிய நோட்டில் முதல் நாள் இப்படித்தான் எழுதினேன். ஒன்பதாம் நாளும் இதே மூன்று சொற்கள். பத்தாம் நாள் நோட்டைத் திறக்கவே இல்லை.

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 'உடல்நலம்' என்று எழுதும்போது மனத்தில் எதுவும் அசைவதில்லை. 'இருமல் அடங்கி, நேற்று இரவு ஆறு மணி நேரம் தூங்கினேன்' என்றால் அந்த இரவு திரும்பி வருகிறது. பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. நன்றியறிதல் என்பது கிடைத்த நன்மையை அறிவது. அறியாமல் பட்டியல் போட்டால் மிஞ்சுவது வருகைப்பதிவேடு.

அடுத்த பிழை, அடிக்கடி எழுதினால் அதிகப் பலன் என்ற கணக்கு. உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் 2005இல் விவரித்த ஆறு வார ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களின் மனநிறைவு கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆனால் அதே ஆண்டு வெளியான, இன்னொரு உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவின் ஆய்வில், ஒரே வாரம், தினமும் மூன்று நல்ல நிகழ்வுகளை எழுதியவர்களுக்கு ஆறு மாதம் வரை பலன் நீடித்தது. அவர்கள் ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதினார்கள். அந்த 'ஏன்' தான் முக்கியம் என்பது என் எண்ணம். காரணத்தைத் தேடும்போதுதான் அந்த நன்மைக்குப் பின்னால் இருக்கும் ஆள் கண்ணில் படுகிறார்.

எனக்கு உறுத்தும் பிழை ஒன்று உண்டு: பிறர் துன்பத்தைப் பார்த்து 'நல்லவேளை, எனக்கு அப்படி இல்லை' என்று நிம்மதி கொள்வது. அவருடைய வலி நம் ஆறுதலுக்கான பொருளா என்ன? ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் நம் வாழ்க்கையோடு ஒப்பிடலாம். நெருங்கிய நண்பர் ஒருவரைச் சந்திக்காமலே போயிருந்தால்? 2008இல் வெளியான ஓர் ஆய்வில், வாய்த்த நன்மையை வெறுமனே நினைத்தவர்களைவிட, அது வாய்க்காமல் போயிருக்கக்கூடிய விதங்களை எழுதியவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. பழகிப்போனது மறுபடி புதிதாகிவிடுகிறது போலும்.

நன்றியுணர்வை வாய்ப்பூட்டாக்குவதும் தவறு. நியாயமான குறையோடு வருபவரிடம் 'இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு' என்பது அவரை அடக்குவதற்கான பேச்சு. மனச்சோர்வுக்கும் நன்றியுணர்வு மருந்தாகாது. அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் நோட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பது. நேரில் சொன்னால் செயற்கையாக இருக்குமோ என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. 2018இல் ஆய்வாளர்கள் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் நன்றிக் கடிதம் எழுதியவர்களை ஆராய்ந்தபோது, பெறுபவருக்கு உண்டாகும் சங்கடத்தை அவர்கள் அதிகமாகவும், மகிழ்ச்சியைக் குறைவாகவும் மதிப்பிட்டிருந்தார்கள். நானும் ஒரு நண்பருக்கு நான்கு வரி எழுதி அனுப்பினேன். 'அதை இன்னுமா நினைவு வைத்திருக்கிறாய்?' என்று பதில் வந்தது.