ஊட்டிச் சாலை நெரிசல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியில் சீசன் நெரிசலைப் பற்றிப் பேச்செடுத்தாலே, சாலையை அகலப்படுத்த வேண்டும் என்றுதான் பலரும் முதலில் சொல்கிறார்கள். சமவெளி நகரங்களிலேயே அகலமான சாலை புதிய வாகனங்களை இழுத்துக்கொண்டு சில ஆண்டுகளில் மீண்டும் நிரம்பிவிடுகிறது என்றால், மலையில் அதற்குக் கொடுக்கும் விலை இன்னும் பெரிது. சரிவின் அடியை வெட்டியதும் மேலே நிற்கும் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன என்பதை அகலப்படுத்தும் திட்டம் தீட்டுவோர் ஒருபோதும் மறக்கக் கூடாது.

இதைவிட ஆழமான தவறு, ஆட்களை விட்டுவிட்டு வாகனங்களை மட்டும் எண்ணுவது. பள்ளி விடும் நேரத்தில் ஊட்டியின் முக்கியச் சந்திப்பான சேரிங்கிராஸில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். புத்தகப்பை முதுகில் தொங்க, கம்பியைப் பிடித்தபடி பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் அரசுப் பேருந்து, இருவரும் மூவருமாகச் செல்லும் கார்களின் பின்னால் அங்குலம் அங்குலமாக நகரும். முன்னால் நிற்கும் பத்துக் கார்களிலும் இருப்பவர்களைக் கூட்டினாலும் அந்த ஒரு பேருந்தில் இருப்பவர்களுக்கு ஈடாகாது. ஆகவே சந்திப்பில் முதலில் வழி கிடைக்க வேண்டியது பேருந்துக்குத்தான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், வெளியூர் வாகனங்கள் இணையத்தில் முன்பதிவு செய்து பெற வேண்டிய இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது; 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இது நல்ல தொடக்கமே. ஆனால் மேலே வந்துசேர்ந்த கார் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று நாள் முழுவதும் ஊருக்குள்ளேயே சுற்றினால் நெரிசல் எப்படிக் குறையும்? ஊர் எல்லையில் வாகன நிறுத்தம் அமைத்துவிட்டுச் சுற்றுப் பேருந்தைப் போதிய அளவில் விடாமல் இருப்பதும் வீண் செலவுதான். சாரலில் அரை மணி நேரம் காத்திருந்த குடும்பம் மறுநாள் காரைத்தான் எடுக்கும்.

பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது, இடைவெளியையும் காக்க வேண்டும். கால் மணிக்கொன்றாக வந்தால் பயணி சராசரியாக ஏழெட்டு நிமிடம் காத்திருப்பார். அதே பேருந்துகள் அரை மணிக்கு ஒருமுறை இரண்டிரண்டாக வந்தால் காத்திருப்பு இரட்டிப்பாகும். எரிபொருள் செலவோ இரண்டுக்கும் ஒன்றே.

நடைபாதையில் கடை விரிக்கவும் வண்டி நிறுத்தவும் விட்டுவிட்டால், நடப்பவர்கள் சாலையில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைப் போடுவது இன்னொரு தவறு. 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய அடுக்கை அகற்றிய பிறகே சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அப்படிச் செய்யாத தெருக்களில் முன்பு இரண்டு படி ஏறிப் போன கடைக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். மழைநீரும் அதே வழியில் உள்ளே வருகிறது. ஓடையும், சாலைக்கு அடியில் நீர் கடக்கும் கல்வெர்ட்டும் தூர்வாரப்படாவிட்டால் மேலிருந்து வரும் தண்ணீர் சாலையிலேயே ஓடி, புதிய தாரை ஓரத்திலிருந்து அரித்துவிடும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக்கு முன் தூர்வாரும் வேலையை முடித்துவிட்டே தார் போட வேண்டும்.