துப்பாக்கி விளக்கை இருளில் நடந்து பார்த்து மதிப்பிடும் முறை

துப்பாக்கியின் அடியில் பொருத்தும் விளக்கை வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும், மொத்த ஒளியைக் குறிக்கும் லூமன் எண்ணைத்தான். ஆனால் விளக்கு நோக்கும் திசையையே குழல்வாயும் நோக்குகிறது என்பதால், வழி தேடவோ ஆளைத் தேடவோ அதை நேராக நீட்டிப் பிடிக்கக் கூடாது. அந்த வேலைக்குத் தனியாக ஒரு கைவிளக்கு கட்டாயம் வேண்டும். எனவே, குழல்வாயைத் தரைநோக்கித் தாழ்த்திப் பிடித்த நிலையில், சிதறி எழும் ஒளியைக் கொண்டே எதிரே இருப்பதை அடையாளம் காண முடிகிறதா என்பதுதான் நல்ல விளக்குக்கு நான் வைக்கும் முதல் தேர்வு.

சோதனையைத் தொடங்குமுன் தோட்டாக்களை முழுவதும் அகற்றி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்துகொண்டு, தோட்டாக்களை வேறோர் அறையில் பூட்டி வைக்க வேண்டும். காலியான துப்பாக்கியானாலும் மனிதர் மீது நீட்டக் கூடாது. கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும் என்பதால், அவ்வளவு நேரம் விளக்கில்லாமல் காத்திருந்த பிறகே நடக்கத் தொடங்குங்கள்.

ஒரு நாற்காலியின் மேல் கைபேசி, திருப்புளி, பணப்பை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் வைத்துவிட்டு வெளியேறட்டும். பிறகு அறைக்குள் நுழைந்து, காலடிக்கு இரண்டு அடி முன்னால் தரையில் ஒளியைப் பாய்ச்சி, நாற்காலியில் இருப்பது என்னவென்று சொல்லிப் பாருங்கள். நடுப்புள்ளி மட்டும் கூர்மையாக இருந்து, சுற்றொளி மெலிந்திருக்கும் விளக்கு இங்கே தோற்றுவிடும். அடுத்து, வெள்ளைச் சுவருக்கு மிக அருகில் ஒளியைப் பாய்ச்சி அணைத்துவிட்டு, கண்கூச்சம் தீர எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கவனியுங்கள். குறுகிய நடைவழிகளில் மிகையான ஒளி சுவரில் பட்டுத் திரும்பி உங்களையே தாக்கும்.

வெளியிடத்துக்குக் கேண்டலா எண்தான் முக்கியம். லூமன் விளக்கு உமிழும் மொத்த ஒளியைக் குறிக்கிறது; கேண்டலா ஒரு திசையில் அது குவியும் செறிவைக் குறிக்கிறது. 10,000 கேண்டலா விளக்கின் ஒளி எட்டும் தூரம் 200 மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள்; ஆனால் அது ஒளி 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மீது விழும் ஒளியின் அளவு), ஏறத்தாழ முழுநிலவின் அளவுக்குக் குறையும் தூரம் மட்டுமே. அந்த வெளிச்சத்தில் ஒருவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்பதைச் சொல்ல முடியாது. அதே விளக்கு 20 மீட்டரில் 25 லக்ஸ் தரும். நம்பத்தக்க தூரம் அந்த அளவில்தான் இருக்கிறது.

எரியும் நேரத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். கைவிளக்குகளை அளக்கப் பரவலாகப் பின்பற்றப்படும் எஃப்எல்1 தரநிலைப்படி, தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரமே எரியும் நேரமாகக் குறிக்கப்படுகிறது. சூடேறியதும் தானாகவே மங்கும் விளக்குகளில் இந்த எண் பெரிதும் ஏமாற்றும். பத்து நிமிடம் தொடர்ந்து எரியவிட்டு, சுவரில் விழும் ஒளியைப் புதிதாக ஏற்றிய விளக்கின் ஒளியோடு ஒப்பிடுவது நல்லது.

சுவிட்சை ஈரக்கையாலும் கையுறையோடும் இயக்கிப் பாருங்கள். அழுத்தும்வரை எரிந்து, விட்டதும் அணைவதே நடமாட்டத்துக்கு ஏற்றது. தெரியாமல் இருமுறை அழுத்தினால் மின்னி மின்னி எரியும் நிலைக்குத் தாவும் விளக்கை நான் ஒதுக்கிவிடுவேன். துப்பாக்கியின் விசையை இழுக்கும் விரலைக் கொண்டே சுவிட்சை இயக்க வேண்டியிருந்தால், மற்றச் சிறப்புகள் எத்தனை இருந்தாலும் அந்த விளக்கு வேண்டாம்.

இவற்றில் தேறிய பிறகே, அனுமதி பெற்ற சுடுதளத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும். பின்னுதைப்பில் மின்கலம் ஸ்பிரிங்கை விட்டு ஒரு கணம் விலகினாலும் ஒளி துடிக்கும். பொருத்தும் திருகின் மேல் மெல்லிய வண்ணக்கோடு ஒன்றை முன்கூட்டியே வரைந்து வைத்தால், அது தளர்ந்திருப்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். கைத்துப்பாக்கியாக இருந்தால், விளக்கோடு சேர்த்து வைக்க ஏற்ற உறையும் வேண்டும். உறைக்குள் இருக்கும்போது விசைப்பகுதியில் விரல் நுழைய இடமிருந்தால் அந்த உறையை ஏற்கக் கூடாது.